சங்கோடு செத்த பந்து

"பாதையை விட்டிடாதேங்கோ, தம்பிமார், ஒரு நிமிசம் பிடியுங்கோ" என்று கூவிக்கொண்டே மரியமலர் ஓடினாள்.

ஒரு கையில் கழற்றிய செருப்பு. மறுகையில், வியர்வை படாமல் எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய நாலு தாள். கிண்ணியாத் துறையில், பாதை என்று சனங்கள் சொல்கிற இழுவை மிதவையின் பலகை கரையை விட்டு ஏற்கெனவே ஒரு முழம் விலகியிருந்தது. ஆவணி மாதத்துக் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நாற்பத்தெட்டு வயதையும் முழங்கால் நோவையும் மறந்து அந்த ஒரு முழத்தைத் தாண்டினாள்.

பாதைக்காரர்கள் இழுத்த கம்பியை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"அக்கா பாய்ஞ்சிட்டா. அண்ணன் இன்னம் நடந்துதான் வாறார்."

நிக்கலஸ் நடந்துதான் வந்தார். இருபத்தேழு வருடமாகத் திருகோணமலைப் பட்டினத்துக்கு நேரம் சொன்ன மனிதர். நேரத்துக்காக ஓடிப் பழக்கமில்லாதவர். துறைமுகத்துப் பட்டறை ஒன்றின் பொயிலர் அறையில் அவருக்கு வேலை. காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பட்டறைச் சங்கை ஊதுவது அவர் கைதான். சங்கு என்றால் கடலில் கிடைப்பதல்ல. பட்டறைக் கூரையில் குந்தியிருந்த பித்தளைக் குழல் அது. சங்கிலியைப் பிடித்து இழுத்தால் நீராவி பாய்ந்து அலறும். கடற்கரைச் சனங்கள் உலையில் அரிசி போடுவார்கள்.

"சங்கு அண்ணன், இண்டைக்கு ஊதாமலே வந்துட்டீங்களா?" என்றான் ஒரு பாதைக்காரன், பலகையை மீண்டும் கரையோடு சேர்த்தபடி.

"ஞாயிற்றுக்கிழமை சங்குக்கும் பூசை" என்று சொல்லி நிக்கலஸ் ஏறினார்.

பாதை நகர்ந்தது. ஒரு லொறி, இரண்டு மாடு, சாக்குகளோடு பத்துப் பதினைந்து பேர். மரியமலர் லொறியின் நிழலில் நின்று மூச்சு வாங்கினாள். சீனன்குடாச் சந்தியில் பஸ் அரைமணி நேரம் படுத்துவிட்டது. இப்போது பதினொன்றரை. மூன்று மணிப் பாதையைப் பிடித்தால்தான் ஐந்து மணிக்கு முன் பட்டினம் போய்ச் சேரலாம். ஐந்து மணிக்கு உதைபந்தாட்ட லீக் கூட்டம். அந்த நாலு தாளில் ஆறு கழகங்களின் கையெழுத்து இல்லாவிட்டால் சங்குக் கப் என்ற ஒன்று இனிமேல் இல்லை.

பட்டினத்தில் பெரிய கேடயம் ஒன்று இருந்தது. அது சப்பாத்துப் போட்டு ஆடுகிற கழகங்களுக்கு. அதில் இடம் கிடையாதவர்களுக்கு, அதாவது பட்டறைக்காரர், எண்ணெய்த்தாங்கியில் வேலை செய்கிறவர்கள், மீன்வாடிப் பெடியன்கள், கப்பல்துறைக் கமக்காரர், இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாவதாக ஒரு கிண்ணம். கடதாசியில் அதன் பெயர் துறைமுகத் தொழிலாளர் கிண்ணம். சனங்களின் வாயில் சங்குக் கப். சனிக்கிழமை வேலை விட்டு வந்து நாலரைக்குத் தொடங்குவார்கள். ஆறு மணிக்குச் சங்கு ஊதினால் ஆட்டம் முடிந்தது. மத்தியஸ்தர்களுக்குக் கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் வெள்ளைக்காரன் வைத்த ஏற்பாடு. அவன் போய்ப் பதினேழு வருடமாகியும் அது போகவில்லை. சங்கோடு பந்து செத்தது என்பது சட்டம். உதைத்த பந்து வலைக்குப் போகிற வழியில் சங்கு ஊதினாலும் கோல் கிடையாது.

எட்டு வருடத்துக்கு முன், அறுபத்தாறாம் ஆண்டு இறுதியாட்டத்தில் அந்தச் சட்டம் ஒரு ஊரையே அடித்துப் போட்டது. ஒரு பக்கம் மரியமலரின் தம்பி கிறிஸ்தோபர் தலைமை தாங்கிய கோயில் பங்குக் கழகம். மறுபக்கம் கடலேரிக்கு அப்பாலிருந்து வந்த குறிஞ்சாக்கேணி இளம்பிறைக் கழகம். ஒன்றுக்கு ஒன்று. சமநிலை என்றால் முந்தின வருடம் வென்ற கிறிஸ்தோபருக்கே கிண்ணம். கடைசி நேரத்தில் குறிஞ்சாக்கேணிக்குப் பெனல்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் அபூதாஹிர், வாழ்க்கையில் ஒரு பெனல்டியும் பிழைத்ததில்லை என்று பெயரெடுத்தவன். பந்தை வைத்து நிமிர்ந்தான். சங்கு ஊதியது.

அன்றோடு குறிஞ்சாக்கேணி சங்குக் கப்புக்கு வரவில்லை. மற்றக் கழகங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றன. மைதானத்தின் சனிக்கிழமைகளைப் பெரிய கேடயத்துக்கே கொடுத்துவிடலாம் என்று லீக் நினைத்தது. அப்போதுதான், யாரும் கேளாமல், தை மாதத்தில் நிக்கலஸ் காரியதரிசிப் பதவியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். புதிய சட்டம் எழுதுகிறேன், ஆறு கழகம் சேர்க்கிறேன் என்றார். ஐந்தைச் சேர்த்துவிட்டார். ஐந்தாவது கையெழுத்து கிறிஸ்தோபருடையது. அதை வைக்கும்போது அவன் சொன்னது மரியமலரின் காதில் இன்னும் இருந்தது: "அத்தான், நான் வைக்கிறன். ஏனெண்டா அபூதாஹிர் எப்பிடியும் வைக்க மாட்டார், இது நடக்காது. சங்கால நாங்கள் வெண்ட கிண்ணத்துக்கு உங்கட கையாலயே குழி வெட்டுறீங்கள்." அதன்பிறகு அவன் அவர்கள் வீட்டு வாசல் மிதித்து இரண்டு மாதம். அக்கா பொரிக்கிற மீனின் வாசத்துக்கே மதில் ஏறி வருகிறவன்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டு கேட்கட்டே?" என்றாள் மரியமலர்.

"கேளும்."

"சங்கு உங்கட கை. அந்தக் கப்பில உங்களுக்கெண்டு இருந்த ஒரே பெருமை அதுதான். அதை நீங்களே ஏன் வெட்டி எறியிறீங்கள்?"

நிக்கலஸ் தண்ணீரைப் பார்த்தார். கடலேரியில் அலை காற்றோடு ஒருபக்கமாய்ச் சாய்ந்து ஓடியது.

"மணிக்கூடு இருக்கிற காலம். இனி என்னத்துக்குச் சங்கு."

"இது பதில் இல்லை."

"ஓம். இல்லைத்தான்" என்றார். மாசக்கணக்காக இப்படித்தான். சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்புகிறார். ஒரு வசனத்தை எழுதுகிறார், கிழிக்கிறார், திரும்ப எழுதுகிறார். கல்யாணக் கடிதம் எழுதினபோதுகூட இவ்வளவு பாடுபடவில்லை.

குறிஞ்சாக்கேணிக்கு வரலாம் என்ற யோசனை அவளுடையது. நிக்கலஸ் இரண்டு கடிதம் போட்டும் பதிலில்லை. ஆனால் அபூதாஹிரின் மனைவி நஜ்முன் நிஸாவும் மரியமலரும் ஒருகாலத்தில் பிள்ளைப்பேற்று வாட்டில் பக்கத்துக் கட்டில்காரிகள். ஒன்பது நாள் ஒரே போத்தல் சுடுதண்ணீரைப் பங்குபோட்டவர்கள். ஆம்பிளையின் கடிதத்துக்குக் கதவு திறக்காவிட்டாலும் அவளுக்குத் திறக்கும்.

திறந்தது. ஆனால் வீட்டுக்காரன் வீட்டில் இல்லை.

"சூளையில நிக்கிறார், மலர் அக்கா. ராவெல்லாம் எரிஞ்சது. இப்ப கிளறித் தண்ணி ஊத்தி நீத்தணும். விட்டா ஆறிடும்" என்றாள் நஜ்முன் நிஸா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மரியமலரின் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. "மெலிஞ்சு போய்ட்டீங்க. அண்ணன் சாப்பாடு தாறல்லையா?"

"அவர் தானே சாப்பிடுறாரில்லை. எனக்கெங்க தாறது."

கடலேரிக் கரையில் இருந்தது சுண்ணாம்புச் சூளை. இடுப்பளவு களிமண் சுவர் வட்டமாய் நின்றது. சிப்பியும் விறகும் மாறி மாறி அடுக்கி இரவெல்லாம் எரித்து, இப்போது சிப்பியெல்லாம் வெள்ளைவெளேரென்று வெந்து கிடந்தன. அபூதாஹிர் நீண்ட பிடிபோட்ட வாரியால் அவற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். சாரனை மடித்துக் கட்டியிருந்தான். தாடியிலும் புருவத்திலும் சுண்ணாம்புத் தூள். முப்பத்தாறு வயதில் முதியவர் மாதிரி இருந்தான். அவனுக்குப் பக்கத்தில், கவிழ்த்த வாளியில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன் அலியார். அன்று இறுதியாட்டத்தில் விழுத்தப்பட்டு அந்தப் பெனல்டியை வாங்கிக் கொடுத்தவன்.

"வாங்க அக்கா" என்றான் அபூதாஹிர். நிக்கலஸைப் பார்த்தான். வாரியைத் திரும்ப உள்ளே விட்டான்.

நிக்கலஸ் சூளையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து கீழ்வாயைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் வேகேல்லை" என்றார். "காத்து தெற்கால வாங்கியிருக்கு. அடியில பச்சையாக் கிடக்கும்."

"தெரியும்" என்றான் அபூதாஹிர்.

"தெரிஞ்சா அதை ஒதுக்க வேணுமெல்லே. கலந்தா எல்லாம் பழுதாப் போம்." சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். மற்ற வாரியை எடுத்தார். நெருப்பைக் கண்டால் அவருக்குக் கை சும்மா நிற்காது. இருவரும் எதிரெதிராய் நின்று இழுத்தார்கள். வெந்தது ஒரு பக்கம், வேகாதது ஒரு பக்கம். கால் மணி நேரம் வாரி உரசும் சத்தம் மட்டும்.

அலியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, பட்டினத்துல இருந்து சிப்பி கிளறவா வந்தீங்க?"

"கையெழுத்து வாங்க வந்தனாங்கள், தம்பி. புதுச் சட்டம் எழுதியிருக்கு. சங்குக் கப்புக்கு."

"ஓ." அலியார் நீட்டிய காலைத் தடவினான். "எண்ட முழங்காலுக்கு ஏதும் சட்டம் எழுதி இரிக்கா? இந்தா பாருங்க தழும்பு."

"அது போன வருசம் பெருவிரல் அளவு" என்றாள் நஜ்முன் நிஸா. "இந்த வருசம் உள்ளங்கை அளவு. அடுத்த வருசம் காலே இல்லண்டு சொல்லுவார்."

அபூதாஹிரின் உதடு கொஞ்சம் விரிந்தது. "வாசிங்க" என்றான் மனைவியிடம். "எண்ட கையெல்லாம் சுண்ணாம்பு."

நஜ்முன் நிஸா வேலியோரப் பூவரச நிழலில் குந்தித் தாளை விரித்தாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆனால் வாசிப்பு தெளிவு. முதலாவது, ஆட்டம் மணிக்கூட்டுப்படி முப்பத்தைந்து நிமிடம், ஓய்வு, மறுபடி முப்பத்தைந்து நிமிடம். சங்குக்கும் ஆட்டத்துக்கும் இனிச் சம்பந்தமில்லை.

"நல்லம்" என்றான் அபூதாஹிர்.

இரண்டாவது, பாதை தாண்டி வருகிற கழகத்துக்கு முதல் ஆட்டம்.

"அதுவும் நல்லம். போன முறையெல்லாம் மஃரிப் தொழுகைக்கும் இல்லாம கடைசிப் பாதைக்கும் இல்லாம றோட்டுல கிடந்தம்."

மூன்றாவது, இறுதியாட்டம் ஒரு வருடம் பட்டினத்தில், மறு வருடம் கிண்ணியாப் பக்கத்தில்.

வாரி நின்றது. "இங்கயா? நம்மட மண்ணுலயா? ஆரு எழுதின இத?"

"நான்தான்" என்றார் நிக்கலஸ்.

"பட்டினத்தாக்கள் ஒத்துக்கிட்டாங்களா?"

"கிறிஸ்தோபர் உட்பட."

அலியார் வாளியில் இருந்து எழும்பிவிட்டான். "மச்சான், கிறிஸ்தோபர் இஞ்ச வந்து ஆடினா நான் ஒத்தக் கால்லயே ஆடுவன்."

"நாலாவது" என்று நஜ்முன் நிஸா வாசித்தாள். "பெனல்டி கொடுக்கப்பட்டால், நேரம் முடிந்திருந்தாலும், அதை அடித்த பிறகே ஆட்டம் முடியும்."

அலியார் கையைத் தட்டினான். "இதுதான். இதுதான் வேணும். எட்டு வருசமா நான் சொன்ன இதத்தானே."

நிக்கலஸ் அபூதாஹிரின் முகத்தைப் பார்த்தார். மரியமலரும் பார்த்தாள். அத்தனை நாள் எழுதிக் கிழித்து எழுதினது இந்த வசனத்தைத்தான். இந்த ஊருக்கென்றே, இந்த மனிதனுக்கென்றே எழுதினது. அவன் முகம் மலருமென்று அவளும் காத்திருந்தாள்.

அபூதாஹிர் வாரியை மண்ணில் ஊன்றினான்.

"மூண்டுக்கும் நான் சம்மதம். நாலாவத வெட்டுங்க. வைக்கிறன்."

"என்ன மச்சான் கதைக்கிற?" அலியார் வாயைப் பிளந்தான்.

"வேணாமெண்டா வேணாம். நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான்."

"நம்மள அடிச்சுப் போட்டதே அதுதானே."

"அதுக்குத்தான் சொல்றன். பழசக் கிண்டாதிங்க."

நிக்கலஸ் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, ஐஞ்சு பேர் இதுக்குக் கீழ ஒப்பம் வைச்சிட்டினம். ஒரு வரியை வெட்டினா ஐஞ்சு பேரிட்டயும் திரும்பப் போகவேணும். கப்பல்துறையில ஒருத்தர், நிலாவெளியில ஒருத்தர். ஐஞ்சு மணிக்குள்ள ஏலாது."

"அப்ப என்னால ஏலா."

தண்ணீர் வாளியைத் தூக்கி வெந்த சிப்பிக் குவியலில் ஊற்றினான். புசுபுசுவென்று புகை எழும்பியது. சிப்பிகள் வெடித்து, உளுத்து, கண் முன்னாலேயே மாவாக உதிர்ந்தன. எல்லோரும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கினார்கள். மரியமலர் கண்ணைத் துடைத்தாள். பட்டினத்தில் இருந்து இவ்வளவு தூரம் வந்து, ஒரு வரியில் முட்டி நின்றுவிட்டதே என்று நினைத்தாள். இந்த மனிதர் வீட்டுக்குத் திரும்பி இனி என்ன செய்வார்? மார்கழியில் பட்டறை வேலையிலிருந்தும் ஓய்வு.

"அபூதாஹிர் தம்பி" என்றார் நிக்கலஸ். "நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். சொல்லிப்போட்டு நாலாவதைப் பற்றிக் கேட்கிறன்."

"சொல்லுங்க."

"அண்டைக்குச் சங்கு ஊதினது ஆறு மணிக்கில்லை."

அபூதாஹிர் வாளியைக் கீழே வைத்தான்.

"ஐஞ்சு ஐம்பத்தாறு. நாலு நிமிசம் முந்தி இழுத்தனான்."

அவர் குரல் உயரவில்லை. பொயிலர் அழுத்தம் எவ்வளவென்று மேற்பார்வையாளருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "வெள்ளைக்காரன் காலத்தில இருந்து பத்தொன்பது வருசம் நான்தான் ஊதினனான். ஒரு வருசமும் கிண்ணம் குடுக்கிறதைக் கண்டதில்லை. ஊதி, நீராவி அடைச்சு, அறையைப் பூட்டி மைதானத்துக்குப் போக எல்லாரும் கலைஞ்சிடுவினம். நிலத்தில கச்சான்கடலைக் கோது மட்டும் கிடக்கும். அந்த வருசம் என்ட மச்சான் கிறிஸ்தோபர் தலைவன். ஒருக்காப் பார்ப்பமெண்டு ஆசை வந்திட்டுது. நாலு நிமிசம்தானே, ஆருக்கு என்ன எண்டு நினைச்சன். இழுத்துப்போட்டுச் சைக்கிளை உழக்கி வந்தன். வாசல்ல நிண்டு பார்த்தா ஒருத்தரும் அசையேல்லை. பந்து வெள்ளைப் புள்ளியில. பக்கத்தில நீங்கள்."

"ஆரும் கண்டுபிடிக்கல்லையா?" அலியாரின் குரல் கிறீச்சிட்டது. "மணிக்கூடு கட்டினவன் ஒருத்தனும் இல்லையா?"

"இருந்தவை. அவையெல்லாம் சங்குக்கு முள்ளுத் திருத்திறவை. ஊதினவுடன அவரவர் மணிக்கூட்டை ஆறுக்குத் திருப்பிச்சினம். பட்டினம் முழுக்க அண்டிரவு நாலு நிமிசம் முந்தித்தான் படுத்தது. காலமை ஏழு மணிச் சங்கோட சரியாப் போச்சு."

மரியமலர் அந்த மாலையை நினைத்தாள். கிறிஸ்தோபர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் வந்தான். அறக்குளா மீன் பொரித்தாள். கிண்ணத்தில் சாராயம் ஊற்றி ஆளுக்கு ஒரு மிடறு குடித்தார்கள். வயிறு சரியில்லையென்று நிக்கலஸ் மட்டும் குசினிப் பக்கம் போய் நின்றார். அவளும் ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

"எனக்கும் சொல்லேல்லையே" என்றாள்.

"உம்மட தம்பியின்ட கிண்ணமெல்லே. எப்பிடிச் சொல்லுறது."

ஓமத் தண்ணீரை நினைக்கக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அலியார் இதற்குள் சாரனை இறுக்கிவிட்டான். "அப்ப நாமதான் வெண்டது, மச்சான். நாலு நிமிசம் இருந்திச்சு. நீ அடிச்சிருப்பாய், வெண்டிருப்பம். எண்ட வாப்பா இதக் கேளாமலே மவுத்தாப் போனார்." முழங்கால், தழும்பு, எல்லாவற்றையும் மறந்து ஊருக்குள் ஓடினான்.

"ஓடாத அலியார்" என்று அபூதாஹிர் கூப்பிட்டான். அவன் கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் அவன் யாருக்கோ சொல்லத் தொடங்கியது கேட்டது.

அபூதாஹிர் நிக்கலஸைத் திட்டுவான் என்று மரியமலர் எதிர்பார்த்தாள். அடித்தாலும் ஆச்சரியமில்லை. அவனோ சுண்ணாம்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். வென்றோம் என்ற செய்தி கேட்டவனின் முகமாக அது இல்லை.

"இத ஏன் இப்ப சொன்னீங்க, அண்ணன்?"

"நாலாவது ஏனெண்டு உங்களுக்கு விளங்க வேணுமெண்டு."

"எனக்கு விளங்குது" என்றான். "சாப்பிட்டுப் போங்க."

அரிசி இல்லை. கூப்பன் அரிசி போன கிழமையோடு முடிந்துவிட்டதென்று நஜ்முன் நிஸா வெட்கப்பட்டாள். நாட்டில் யாருக்குத்தான் இருந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கும், கொச்சிக்காய் இடித்த சம்பலும், கடலேரி இறால் போட்ட பால்கறியும் வைத்தாள். ஆண்கள் இருவரும் முன்விறாந்தையில் தின்றார்கள். குசினியில் பெண்கள் இருவரும் ஒரே கோப்பையில் கிழங்கைக் கிள்ளினார்கள்.

"உங்கட மனுசன் இன்னும் ஆடுறவரே?" மரியமலர் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை தவறினதில்ல. பொடியன்களுக்குப் பழக்கிறதும் இவர்தான். பெனல்டி வந்தா மட்டும் அவர் அடிக்க மாட்டார், வேற ஆருக்காவது குடுத்துடுவார். பெரியவங்கட பெருந்தன்மை எண்டு ஊருல சொல்லுவாங்க." நஜ்முன் நிஸா இறாலின் ஓட்டைக் கழற்றி அவள் பக்கம் வைத்தாள். "அக்கா, நாலு நிமிசத்த நீங்க பெரிசா எடுக்காதிங்க. அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரு மனுசன் ஒருக்காப் பார்க்க ஆசப்பட்டதுதானே."

"எனக்குக் கோவம் இருக்கு" என்றாள் மரியமலர். "ஓமத் தண்ணியைக் குடிச்சவர், ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

வாசலில் ஆள் சேரத் தொடங்கியிருந்தது. அலியார் செய்தியை நன்றாகவே பரப்பியிருந்தான். கிழவர்கள் வந்தார்கள், பழைய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். யாரும் நிக்கலஸை ஏசவில்லை. உண்மையைச் சொல்ல ஏரி தாண்டி வந்த மனிதர் என்று ஒருவர் இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார். எல்லோரும் அபூதாஹிரின் கையைப் பிடித்தார்கள். நாம் வென்றோம், நீ வென்று தந்தாய் என்றார்கள். அவன் கையைக் கொடுத்தான், இழுத்தான். பிறகு குளிக்கப் போகிறேன் என்று கிணற்றடிக்குப் போய்விட்டான். வரவேயில்லை.

இரண்டரை ஆகிவிட்டது. கையெழுத்தில்லாத தாளைச் சுற்றிக்கொண்டு இருவரும் துறைக்கு நடந்தார்கள். வெயிலில் மணல் கொதித்தது.

"கிறிஸ்தோபருக்கும் சொல்லவேணும்" என்றார் நிக்கலஸ்.

"நான் கூட வாறன். அவன் கத்துவான்."

"கத்தட்டும். கப்பும் இல்லாமப் போகப்போகுது. கத்திறதுக்கு அவனுக்கு வேற என்ன இருக்கு." அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. "நான் அபூதாஹிர் தம்பிக்கு அந்தப் பெனல்டியைத் திருப்பிக் குடுப்பமெண்டு நினைச்சன், மலர். அவர் அதையே வேண்டாமெண்டிட்டார்."

துறையில் பாதை அக்கரையில் இருந்து புறப்பட்டிருந்தது. நிக்கலஸ் முன்னால் இறங்கிப் பலகையடியில் நின்றார். மரியமலர் மேட்டில், ஒரு பெட்டிக்கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள்.

சைக்கிள் மணி கேட்டது. அபூதாஹிர். குளித்த தலை துவட்டாமல், வெள்ளைச் சட்டை, பையில் பேனை.

"அக்கா, கடதாசியத் தாங்க."

அவள் கொடுத்தாள். சைக்கிள் ஆசனத்தில் தாளை விரித்துப் பிடித்துக் கையெழுத்து வைத்தான். காற்றில் தாள் படபடத்தது. மற்றக் கையால் அமத்தினான். ஆறாவது பெயர். மரியமலருக்கு உடனே நம்ப முடியவில்லை.

"நாலாவதும் சேர்த்தே?"

"சேர்த்துத்தான். வெட்டாதிங்க."

"அப்ப ஏன் தம்பி அவ்வளவு நேரம் மறுத்தனீங்கள்?"

அபூதாஹிர் பலகையடியில் முதுகு காட்டி நின்ற நிக்கலஸைப் பார்த்தான். பாதை இன்னும் கொஞ்சத் தூரத்தில் இருந்தது. பேனையின் மூடியைப் போட்டான், கழற்றினான், திரும்பப் போட்டான்.

"எல்லாரும் வந்து கையப் பிடிச்சாங்க, அக்கா. நான் வெண்டு குடுத்தன் எண்டு. சின்னப் பொடியன்களும் பிடிச்சாங்க. இனி இந்த ஊருல அவங்க பிடிச்ச இந்தக் கையோட எனக்கு இரிக்க ஏலா. அண்ணன் எட்டு வருசத்துக்குப் புறகு வந்து முன்னுக்கு நிண்டு சொன்னார். எனக்கு அவர்ட முகத்தப் பார்த்துச் சொல்ல ஏலா. நீங்க பாதையில வச்சு அவருக்குச் சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல?"

"பந்த வச்சன். பின்னுக்கு வந்தன். கோல்காரனத் தவிர ஒண்டும் தெரியல்ல. வலை எங்க, கம்பம் எங்க எண்டு தெரியல்ல. காலு ரெண்டும் விறைச்சுப் போச்சு. ரெபரி விசில் அடிச்சார். திரும்ப அடிச்சார். நான் அசையல்ல. அதுக்குப் புறகுதான் சங்கு ஊதின. நாலாவது சட்டத்துல அப்பிடித் தப்ப ஏலா, அதான் வேணாமெண்டன்."

அவன் சைக்கிளைத் திருப்பினான்.

"ரெண்டு நிமிசத்துக்கு மேல நிண்டன், அக்கா. அண்டைக்குச் சங்கு ஊதாமலே இருந்திருந்தாலும் நான் அந்தப் பந்த அடிச்சிரிக்க மாட்டன்."